வல்லான் வகுத்த வாய்க்கால்: இன்யோ கவுண்டிக் குறிப்புகள்

கலிஃபோர்னியா வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி நீள்கிறது இன்யோ கவுண்டி. பரப்பு 10,200 சதுர மைல் சொச்சம். மாநிலத்தின் 58 கவுண்டிகளில் இரண்டாவது பெரியது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 19,016. நகராட்சி என்று சொல்ல பிஷப் ஒன்றுதான், அதிலும் நாலாயிரம் பேர் தேறமாட்டார்கள். தலைநகரம் இண்டிபெண்டன்ஸ் அதைவிடச் சின்னது. சில நூறு பேர் குடியிருக்கும் அந்த ஊரில் 1921-ல் கட்டிய நீதிமன்றம் உயரத் தூண்களோடு நிற்கிறது. 395-ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஊரைக் கவனிக்காமல் தாண்டிவிடலாம், நீதிமன்றத்தைக் கவனிக்காமல் போக முடியாது.

இத்தனை நிலமும் யார் பெயரில் இருக்கிறது என்ற கணக்குதான் என்னை இந்தக் கவுண்டியின் பக்கம் இழுத்தது. தனியார் கையில் இருப்பது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. தொண்ணூறுக்கு மேல் மத்திய அரசுடையது: தேசியப் பூங்கா, காடு, கடற்படையின் ஆயுதச் சோதனைக் களம், இன்னும் பல. மிச்சத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஏக்கர், இருநூறு மைலுக்கு மேல் தெற்கே இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நீர்-மின் துறைக்குச் சொந்தம். சொந்தக்காரர் எல்லாரும் வெளியூர்க்காரர்.

*

விட்னி மலை 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இதைவிட உயரம் இல்லை. அதே கவுண்டியில் மரணப் பள்ளத்தாக்கின் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. வட அமெரிக்காவில் இதைவிடப் பள்ளம் இல்லை. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் 85 மைல்தான். ஜூலை மாதத்து வெயிலில் அந்தப் பள்ளத்திலிருந்து விட்னியின் அடிவாரப் பாதை வரை 135 மைல் ஓடுவதற்கென்றே ஒரு போட்டி நடக்கிறது. காசு கட்டி ஓடுகிறார்கள்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மோதி, கையில் இருந்ததையெல்லாம் பனியாகக் கொட்டிவிட்டுக் கிழக்கே வறண்டு இறங்குகிறது. இண்டிபெண்டன்ஸில் ஆண்டுக்கு ஐந்து அங்குல மழை பெய்தால் சரியான மழை. ஆனால் உச்சியில் விழுந்த பனியில் ஒரு பங்கு உருகிக் கிழக்குப் பக்கமாகவும் ஓடைகளாக இறங்கும். அவையெல்லாம் ஓவன்ஸ் ஆற்றில் சேரும். ஆறு கடலுக்குப் போகாமல் ஓவன்ஸ் ஏரியில் முடிந்துவிடும். மழை இல்லாத ஊரில் தண்ணீர் உண்டு. இந்தக் கவுண்டியில் பிறகு நடந்த வழக்கு, வெடிகுண்டு, திவால் எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான்.

பள்ளத்தாக்கு ஆறு அரித்து உண்டானதில்லை. மேற்கே சியரா, கிழக்கே வெள்ளை மலைகளும் இன்யோ மலைகளும் மேலெழ, நடுவில் இருந்த நிலத்துண்டு அப்படியே கீழே இறங்கிவிட்டது. இறங்குவது இன்னும் நிற்கவில்லை. 1872 மார்ச் 26 அதிகாலை இரண்டரை மணிக்கு லோன் பைன் ஊரை அது நிலநடுக்கமாக வந்து எழுப்பியது. 59 வீடுகளில் 52 விழுந்தன. பெரும்பாலும் பச்சைமண் கல் வைத்துக் கட்டியவை. 27 பேர் செத்தார்கள். பலரை ஒரே குழியில் புதைத்த இடத்துக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று தாழ்ந்த பள்ளத்தில் நீர் தேங்கி டயஸ் ஏரி ஆயிற்று. இன்று அங்கே படகு விடுகிறார்கள்.

*

பெயர்கள் பற்றி ஒரு வேடிக்கை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் தெற்கத்திக் கட்சிச் சுரங்கக்காரர்கள் லோன் பைனுக்கு மேற்கே உள்ள பாறைக் குன்றுகளுக்கு, தங்கள் தரப்பின் போர்க்கப்பலான 'அலபாமா'வின் பெயரை வைத்தார்கள். 1864-ல் பிரான்ஸ் கரையோரம் அந்தக் கப்பலை மூழ்கடித்தது வடதரப்பின் 'கியர்சார்ஜ்'. வடக்கத்தி ஆட்கள் விடுவார்களா? கொஞ்சம் வடக்கே ஒரு சுரங்கத்துக்கும் ஊருக்கும் கணவாய்க்கும் சிகரத்துக்கும் கியர்சார்ஜ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடலையே பார்க்காத மலைகள் மேல் ஒரு கடற்போர் அப்படியே நிற்கிறது. கியர்சார்ஜ் ஊர் 1866 மார்ச்சில் பனிச்சரிவில் போயிற்று. கவுண்டி உருவானதும் அதே ஆண்டுதான்.

விட்னி கதையும் இதே வகை. மலைக்கு மாநில நிலவியல் அளவைத் தலைவர் ஜோசையா விட்னியின் பெயரை அவருடைய ஆட்கள் 1864-ல் வைத்தார்கள். அவர்களில் ஒருவரான கிளாரன்ஸ் கிங் 1871-ல் உச்சியை எட்டிவிட்டதாக அறிவித்தார். அவர் ஏறியது தெற்கே இருக்கும் வேறு மலை. 1873 ஆகஸ்டில், மீன்பிடிக்க மலைக்குப் போயிருந்த உள்ளூர்க்காரர் மூவர் உண்மையான உச்சியில் ஏறினார்கள். அதற்கு 'மீனவர் சிகரம்' என்று பெயர் வைக்கவும் பார்த்தார்கள். பள்ளத்தாக்கே அந்தப் பெயருக்காகச் சண்டை போட்டது. மலை விட்னியாகவே இருக்கிறது.

*

பையூட் மக்கள் தங்களை நூமு என்கிறார்கள். பிஷப் ஓடை, பிக் பைன் ஓடைகளில் தடுப்பு கட்டி, மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டி, புல்வெளிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். விதைத்துப் பயிர் செய்யவில்லை. தானாக முளைக்கும் கிழங்குச் செடிகளுக்கும் விதைப்புற்களுக்கும் பாய்ச்சினார்கள். நீர் பாய்ச்சுவதற்கென்று ஒருவரை ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும். ஓர் ஆண்டு ஓடையின் வடக்குப் பக்கம் பாய்ந்தால் மறு ஆண்டு தெற்குப் பக்கம். 1859-ல் டெஹோன் கோட்டையிலிருந்து வந்த ராணுவக் கேப்டன் டேவிட்சன் இந்த வாய்க்கால்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1930-களில் மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டீவர்ட் வரைபடமே போட்டார்.

ஆற்றுக்கும் ஏரிக்கும் பெயரான ஓவன்ஸ், நிலத்தேடல் பயணி ஃப்ரெமான்ட்டின் 1845-ஆம் ஆண்டுப் பயணக் குழுவில் ஒருவர். பள்ளத்தாக்கோடு அவருக்கு அதற்கு மேல் சொல்லும்படி உறவு இல்லை. வாய்க்கால் வெட்டிய யார் பெயரும் எதற்கும் இல்லை.

1861-ல் மாடுகள் வந்தன. சுரங்க முகாம்களுக்கு இறைச்சி விற்க சாமுவேல் பிஷப் போன்றவர்கள் மந்தைகளை ஓட்டி வந்தார்கள். பாய்ச்சி வளர்த்த புல்வெளி மாட்டுக்குத் தெரியுமா, மேய்ந்தது. அந்தக் குளிர்காலம் கடுமையானது. கிழங்கும் விதையும் போன மக்கள் மாட்டை அடித்துச் சாப்பிட்டார்கள். மாட்டுக்காரன் சுட்டான். 1862 ஜூலை 4 அன்று ராணுவம் முகாம் போட்டது. சுதந்திர தினத்தில் போட்டதால் முகாமுக்கு 'இண்டிபெண்டன்ஸ்' என்று பெயர், அதுவே தலைநகரின் பெயராயிற்று. மறு ஆண்டு ஜூலையில், ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் பையூட் மக்களை வெயிலில் டெஹோன் கோட்டை வரை நடத்திக்கொண்டு போனார்கள். சோறு போட ஏற்பாடு இல்லை. பலர் நழுவித் திரும்பி வந்து, தங்கள் நிலத்திலேயே கூலிக்கு நின்றார்கள். 1863-லும் 1865-லும் ஓவன்ஸ் ஏரிக்கரையில் நடந்த கொலைகளை இன்று அந்த மக்கள்தான் நினைவு வைத்துச் சொல்கிறார்கள்.

வெள்ளைக்கார விவசாயிகள் வெட்டியதாகப் பெருமை பேசிய பல கால்வாய்கள் பழைய வாய்க்கால் தடத்திலேயே போனவை.

*

செரோ கோர்டோ, 1865. இன்யோ மலைகளின் உச்சியில் வெள்ளியும் ஈயமும். முதலில் கண்டது பாப்லோ ஃப்ளோரெஸ் என்ற மெக்சிகோக்காரர். பணம் பார்த்தவர்கள் மார்ட்டிமர் பெல்ஷா, விக்டர் பொட்ரி. உலைகளில் உருக்கி வார்த்த பாளங்கள் ஏரிக்கரையில் மலையாகக் குவிந்து கிடக்கும். ஏரியைச் சுற்றிப் போகும் நாள்களை மிச்சம் பிடிக்க, 1872-ல் 'பெஸ்ஸி பிரேடி' என்ற நீராவிப் படகை மிதக்கவிட்டார்கள். மறு கரையிலிருந்து ரெமி நாடோவின் கோவேறு கழுதை வண்டிகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏற்றிப் போயின.

அப்போது லாஸ் ஏஞ்சலஸ் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். கழுதைக்குத் தீவனம், சுரங்கத்துக்கு மாவு, சாராயம் என்று விற்று அது முதல் செழிப்பைக் கண்டது இன்யோவின் வெள்ளியில். தண்ணீருக்கு முன்பே ஒரு கை நனைந்துவிட்டது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

நீராவிப் படகு ஓடிய இடத்தில் பிறகு புழுதி ஓடியது. அதற்கு வருகிறேன்.

*

1902-ல் மத்திய அரசு நீர்ப்பாசனத்துக்கென ஒரு துறை தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் ஆட்கள் ஓவன்ஸ் பள்ளத்தாக்கை அளந்தார்கள். விவசாயிகளுக்கு நல்ல காலம் பிறந்தது என்றே தோன்றியிருக்கும். தங்கள் நீர்க்கணக்கையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். துறையின் வட்டாரத் தலைவர் ஜே.பி. லிப்பின்காட். அவர் அதே நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திடமும் ஆலோசகராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஃப்ரெட் ஈட்டன் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர். அவர் பள்ளத்தாக்கில் பண்ணை பண்ணையாக விலை பேசி முன்பணம் கொடுத்துக்கொண்டே போனார். அரசுப் பாசனத் திட்டத்துக்குத்தான் வாங்குகிறார் என்று விற்றவர்களில் பலர் நினைத்துக்கொண்டார்கள். அவரும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. 1905 ஜூலை 29 அன்று நகரப் பத்திரிகை வெற்றிச் செய்தியாக உண்மையைப் போட்டுவிட்டது: வாங்கியதெல்லாம் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுபோக. 1906-ல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் நகரத்தின் பக்கம் சாய்ந்தார். பெரும்பாலான மக்களுக்கு எது நன்மையோ அதுவே சரி என்பது அவருடைய வாதம். சில ஆயிரம் பேர் உள்ள கவுண்டி இந்தக் கணக்கில் எப்படி ஜெயிக்கும்?

எனக்குப் பிடித்த மனிதர் இதில் ஒருவர் உண்டு: இண்டிபெண்டன்ஸ் நிலப்பதிவு அலுவலகத்தின் பதிவாளர் ஸ்டாஃபர்ட் வாலஸ் ஆஸ்டின். தன் மேசைக்கு வரும் பத்திரங்களைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டு வாஷிங்டனுக்குப் புகார் எழுதினார். பலன் இல்லை. அவருடைய மனைவி மேரி ஆஸ்டின் 1903-ல் வெளியிட்ட 'குறைந்த மழையின் நிலம்' இந்தப் பாலைவனத்தை இலக்கியத்துக்குள் கொண்டுவந்த நூல். மனைவியின் வீட்டுக்கு நினைவுப் பலகை இருக்கிறது. கணவரின் புகார்க் கடிதத்துக்கும் ஒன்று வைக்கலாம்.

பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் 1908-ல் கால்வாய் வேலையைத் தொடங்கி 1913 நவம்பர் 5 அன்று தண்ணீரைத் திறந்துவிட்டார். 233 மைல். வழியில் ஓர் இறைப்பு எந்திரம் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளை இரும்புக் குழாயில் தாண்டியும், தண்ணீர் தன் எடையிலேயே போகிறது. வஞ்சகத்தைச் சொல்லும்போது இந்த வேலைத்திறனை மறைப்பது நேர்மையாகாது. பணம் 1907-ல் நகர மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட 2.3 கோடி டாலர் கடன் பத்திரம். தண்ணீர் வந்து இறங்கிய சான் ஃபெர்னாண்டோ சமவெளியில், அதற்கு முன்பே நிலம் வாங்கிப் போட்டிருந்தவர்களில் அந்தப் பத்திரிகையின் முதலாளியும் உண்டு.

*

எல்லாரும் சுருக்கிச் சொல்வது: கால்வாய் வந்தது, விவசாயம் செத்தது. அவ்வளவு நேராக நடக்கவில்லை. கால்வாயின் தலைமதகு இண்டிபெண்டன்ஸுக்கு வடக்கே. அதற்கு மேலே இருந்த பிஷப் பகுதிப் பண்ணைகள் 1913-க்குப் பிறகும் பத்தாண்டு நன்றாகவே விளைந்தன. உடனடியாக அடி வாங்கியது கீழே இருந்த ஆறும் ஏரியும்.

மேலே, பக்கத்து மோனோ கவுண்டியின் லாங் வேலியில் ஓர் அணை கட்டியிருந்தால் வெள்ளக் காலத்து நீரைத் தேக்கி இரு தரப்பும் பிழைத்திருக்கலாம். அந்த இடம் ஈட்டன் கையில் இருந்தது. அவர் பத்து லட்சம் டாலர் கேட்டார். முல்ஹாலண்ட் கொடுக்க மறுத்தார். பழைய நண்பர்கள் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். அணை இல்லை. 1920-களின் வறட்சி வந்ததும் நகரம் மேலே இருந்த பண்ணைகளையும் வாய்க்கால் சங்கங்களையும் வாங்க ஆரம்பித்தது. ஒரு வாய்க்காலில் ஓரிரண்டு பேரை மட்டும் வாங்கிவிட்டால் போதும், மீதிப் பேர் தாமாக விற்றுவிடுவார்கள். அண்ணன் விற்று தம்பி விற்காமல் குடும்பங்கள் பிரிந்தன.

1924 மே மாதம் கால்வாய்க்கு முதல் டைனமைட். நவம்பர் 16 அன்று எழுபது பேர் போல பிஷப்பிலிருந்து கிளம்பி, அலபாமா குன்றுகளின் ஓரத்தில் இருக்கும் மதகைப் பிடித்துத் திருகித் தண்ணீரைப் பழைய ஆற்றில் விட்டுவிட்டார்கள். முன்னால் நின்றவர் வங்கிக்காரர் மார்க் வாட்டர்சன். நான்கு நாள். பெண்கள் சமைத்து எடுத்து வர, குழந்தைகள் விளையாட, போராட்டம் திருவிழாவாக மாறியது. பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த மௌனப்பட நாயகன் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அனுப்பிவைத்தார் என்று சொல்வார்கள். கைதுசெய்ய வந்த அதிகாரிகளுக்குக் கூட்டத்தில் முகம் தெரியாதவர் யாரும் இல்லை, எப்படிக் கைது செய்வது?

1927 ஆகஸ்டில் வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிக் கிளைகள் ஐந்தும் மூடின. கணக்கில் இருந்த பணம் பெட்டியில் இல்லை. ஊருக்காகத்தான் செய்தோம் என்றார்கள். இருவருக்கும் சான் குவென்டின் சிறை. பள்ளத்தாக்கின் சேமிப்பும் போராட்டமும் ஒரே நாளில் தீர்ந்தன. அந்த வங்கியில் அடமானம் இருந்த ஈட்டனின் பண்ணையும் கையைவிட்டுப் போயிற்று. ஏழு மாதத்தில், 1928 மார்ச்சில், முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணை தெற்கே உடைந்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர் காலமும் அதோடு முடிந்தது. 1930-களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் கிட்டத்தட்ட முழுவதும், ஊர்களின் மனைகளில் பெரும்பாலானவையும் நகரத்தின் பெயருக்கு மாறியிருந்தன. லாங் வேலி அணை கட்டி முடிந்தது 1941-ல்.

இந்தக் கதைக்கு 'சைனாடவுன்' (1974) படத்தைத்தான் பலர் ஆதாரமாகச் சொல்கிறார்கள். அந்தப் படத்தில் இன்யோ வருவதே இல்லை. களவு கொடுத்தவன் கதையில் இல்லாத களவுப் படம்.

*

ஓவன்ஸ் ஏரி: நூறு சதுர மைலுக்கு மேல் பரப்பு கொண்ட உப்பேரி. கரையில் ஒதுங்கும் உப்பு ஈயின் கூட்டுப்புழுக்களைப் பையூட் மக்கள் அள்ளிக் காயவைத்து உண்பார்கள், நல்ல கொழுப்பு. 1926 வாக்கில் ஏரி காய்ந்தது. உப்புப் பொருக்கு உடைந்து காற்றில் எழுந்தால் வெள்ளைச் சுவர் நடந்து வருவதுபோல் கீலர் என்ற கரையோரச் சிற்றூரை மூடிவிடும். அந்தத் தூசியில் ஆர்செனிக், காட்மியம். நாட்டிலேயே நுண்தூசியை அதிகமாகக் கிளப்பும் ஒற்றை இடம் என்று பெயர் வாங்கியது. நெடுங்காலம் யாருக்கும் அது குற்றமாகப் படவில்லை. பாலைவனத்தில் தூசி பறக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்கள்.

பிஷப்பில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சிறிய வட்டாரக் காற்றுமாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, காற்றுச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகரத்தைப் பணியவைத்தது. 2001 முதல் ஏரிப்படுகையில் ஆழமில்லாமல் தண்ணீர் பரப்புவது, உப்புப்புல் வளர்ப்பது, சரளை கொட்டுவது என்று வேலை நடக்கிறது. செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எடுத்த தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவந்து ஊற்றும் செலவு அது. குழாய்களும் தெளிப்பான்களும் பரவிய அந்தச் செயற்கைச் சேற்றைத் தேடி வலசைப் பறவைகள் பல்லாயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. 2006 டிசம்பரில் கீழ் ஓவன்ஸ் ஆற்றிலும் 62 மைலுக்கு மறுபடி தண்ணீர் விட்டார்கள். கடைசியில் ஏரிக்குப் போகும் முன் அதையும் இறைத்து எடுத்துக்கொள்கிறார்கள்.

*

மன்சனார். பையூட் குடியிருப்பு இருந்த இடம். 1864-ல் ஜான் ஷெப்பர்ட் பண்ணை போட்டார். 1910-ல் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்களோடு ஊர் எழுந்தது. 1920-களில் நகரம் வாங்கிப்போட்டது. ஊர் கலைந்து, தோட்டம் தண்ணீரில்லாமல் நின்றது. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட்டின் (இவர் ஃபிராங்க்ளின்) போர்க்கால ஆணை. மார்ச்சில் ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

முகாம் நிலம் லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்துறையிடம் குத்தகைக்கு எடுத்தது. ஒரு சதுர மைலில் 36 தொகுதிகள், தார் அட்டை போர்த்திய மரக் கொட்டகைகள், முள்வேலி, எட்டுக் காவல் கோபுரங்கள். உச்சத்தில் பத்தாயிரம் பேர். அந்தக் காலத்து இன்யோவில் அதைவிடப் பெரிய ஊர் இல்லை. மொத்தம் 11,070 பேர் அங்கே அடைபட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். பலர் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். அந்த நகரம் முதலில் இங்கிருந்து தண்ணீரை எடுத்தது, பிறகு தன் மக்களையே இங்கே கொண்டுவந்து தள்ளியது.

அவர்கள் அங்கே செய்ததைப் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டு முன் நட்டு, கைவிடப்பட்டுக் கிடந்த பழ மரங்களைக் கவாத்து செய்து, நீர் கட்டி, மறுபடி காய்க்கவைத்தார்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் இடங்களில் கல்லும் குளமும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். அநாதைக் குழந்தைகளையும் விடவில்லை. அவர்களுக்கென்று தனி விடுதி, நூறு பிள்ளைகள் சொச்சம். புகைப்படக்காரர் டோயோ மியாடாகே லென்ஸை ஒளித்து உள்ளே கொண்டுவந்து, மரத்துண்டில் கேமரா செய்து படம் எடுத்தார். 1942 டிசம்பர் 6 அன்று கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். 1945 நவம்பரில் மூடும்போது ஆளுக்கு 25 டாலரும் பயணச்சீட்டும். பலருக்குப் போக வீடு இல்லை.

பிறகு கொட்டகைகளைப் பிரித்து விற்றார்கள். அடைபட்டவர்களே கட்டிய கலையரங்கத்தைக் கவுண்டி தன் சாலைத் துறையின் வண்டிக் கொட்டடியாகப் பல ஆண்டு வைத்திருந்தது. 1969 முதல் பழைய கைதிகளும் அவர்கள் பிள்ளைகளும் ஆண்டுதோறும் யாத்திரையாக வந்தார்கள். 1992-ல் தேசிய வரலாற்றுத் தலம் ஆயிற்று. எடுத்த எடுப்பில் உள்ளூரில் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை.

*

'கங்கா தின்' (1939) படத்தில் வரும் கைபர் கணவாய் அலபாமா குன்றுகள். ஆங்கிலேய சிப்பாய்களும் தங்கக் கோபுரக் கோயிலும் காளி பக்தர்களும் எல்லாம் லோன் பைனுக்கு வெளியே அரங்கம் போட்டு எடுத்தது. 'வங்காள ஈட்டிப் படைவீரன்' வகைப் படங்கள் இன்னும் சில. நூற்றுக்கணக்கான கௌபாய்ப் படங்களுக்கும் இதே பாறைகள்தான். 2008-ல் 'அயர்ன் மேன்' வந்தபோது ஆப்கானிஸ்தான் ஆயிற்று. இன்யோ தன் பெயரில் நடித்த படம் குறைவு.

*

மரணப் பள்ளத்தாக்கைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். 1913 ஜூலை 10 அன்று அங்கே கிரீன்லாண்ட் பண்ணையில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட் (56.7 செல்சியஸ்) இன்றும் உலகச் சாதனை. அதே இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை, 15 டிகிரி ஃபாரன்ஹீட், அதே 1913 ஜனவரியில். கால்வாய் திறந்ததும் அதே ஆண்டு. இன்யோவுக்கு அந்த ஆண்டோடு ஏதோ கணக்கு இருந்திருக்கிறது.

1880-களில் வெங்காரம் ஏற்றிப் போன புகழ்பெற்ற 'இருபது கழுதை வண்டி'களில் பெரும்பாலும் பதினெட்டுக் கழுதை, இரண்டு குதிரை. விளம்பரத்துக்கு இருபது என்பதே வசதி.

*

வெள்ளை மலைகளில் பத்தாயிரம் அடிக்கு மேல் நிற்கும் பிரிசில்கோன் பைன் மரங்கள். 1957-ல் எட்மண்ட் ஷுல்மன் ஊசித் துளையிட்டு வளையம் எண்ணிய ஒன்றுக்கு வயது 4,800-க்கு மேல். எந்த மரம் என்று வனத்துறை காட்டுவதில்லை. செத்த கட்டைகளின் வளையங்களையும் கோத்து, கார்பன் காலக்கணிப்பையே திருத்தினார்கள். சத்தில்லாத சுண்ணாம்பு மண்ணில், குறைந்த நீரில், மெதுவாக வளர்ந்ததால்தான் இவ்வளவு வயது என்று அவர் கண்டார். நல்ல மண்ணில் நின்ற மரங்கள் கொழுத்துச் சீக்கிரம் போயின.

இன்னொரு உயிர்: ஓவன்ஸ் பப்ஃபிஷ், இரண்டு அங்குல மீன். அழிந்துவிட்டது என்று நினைத்திருந்ததை 1964-ல் பிஷப்புக்கு வடக்கே கவுண்டி எல்லைச் சதுப்பில் மறுபடி கண்டார்கள். 1969 ஆகஸ்டில் அந்தக் குட்டை வற்றுகிறது என்று சேதி வர, மாநில மீன்வள அலுவலர் ஃபில் பிஸ்டர் ஓடிப்போய், மீதமிருந்த எண்ணூறு மீனை வாளிகளில் எடுத்தார். கொஞ்ச நேரம் ஓர் இனம் முழுவதும் அவருடைய இரண்டு கைகளில், இரண்டு வாளிகளில் இருந்தது. அவர் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததே தூண்டில்காரர்களுக்காக டிரௌட் மீனைப் பேணத்தான்.

அதே 1969 அக்டோபரில் சார்லஸ் மேன்சனின் கொலைக் கும்பலைப் பார்க்கர் பண்ணையில் பிடித்து இண்டிபெண்டன்ஸ் சிறையில் வைத்தார்கள். பூங்காத் துறையின் மண்வாரி எந்திரத்தைக் கொளுத்தியது யார் என்று தேடிப் போனவர்கள், கையில் சிக்கியது யார் என்று அப்போது தெரியாமல்.

*

இன்யோ அழகு. ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் எழுபது எண்பது மைலுக்கு விளம்பரப் பலகையோ அடுக்கு வீடோ மறைக்காமல் சியரா முழுச் சுவராக நிற்கும். லாஸ் ஏஞ்சலஸ் வாங்காமல் விட்டிருந்தால் இந்நேரம் அங்கே கோல்ஃப் மைதானமும் மனைப்பிரிவும் வந்திருக்கும் என்று உள்ளூர்க்காரர்களே சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 'தொடப்படாத நிலம்' என்று பயணக் கையேடுகள் எழுதும்போது எரிச்சல் வருகிறது. இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுக் காலி செய்த நிலம் வேறு எங்கே இருக்கும்? பையூட்டிடம் மாட்டுக்காரர் எடுத்தார், மாட்டுக்காரரின் பேரனிடம் நகரம் எடுத்தது. இரண்டாவது எடுப்புக்குப் புத்தகங்கள் பல. முதல் எடுப்புக்கு இப்போதுதான் எழுதுகிறார்கள்.

1937-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, நகரத்துக்கும் பையூட் மக்களுக்கும் நிலமாற்று செய்ய வழி விட்டது. 2,900 ஏக்கருக்கு மேல் கொடுத்து அவர்கள் பெற்றது 1,400 ஏக்கருக்குக் குறைவு; பிஷப், பிக் பைன், லோன் பைன் குடியிருப்புகள் அவை. நிலம் மாறியது, நீருரிமை மாறவில்லை. நீருரிமையைக் கொடுக்க நகர வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும் என்று நகர சாசனம் சொல்கிறது என்றார்கள். அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

*

பிஷப்பில் மருத்துவமனைக்கு ஒரு செவிலியரை, பள்ளிக்கு ஓர் ஆசிரியரை வேலைக்கு எடுத்தால் அடுத்த பிரச்சினை வீடு. பத்தாயிரம் சதுர மைல் கவுண்டியில் வீடு கட்ட மனை இல்லை. நகரத்தின் நிலத்தில் பண்ணைக்காரர்கள் குத்தகைக்கு மாடு மேய்க்கிறார்கள். முக்கியத் தெருவில் உள்ள கடைகளில்கூட அடிமனை நகரத்துடையதாக இருக்கும்.

1970-ல் நகரம் இரண்டாவது கால்வாயைத் திறந்து நிலத்தடி நீரையும் உறிஞ்சத் தொடங்க, ஊற்றுகள் வற்றின. 1972-ல் கவுண்டி வழக்குப் போட்டது. புதிதாக வந்திருந்த மாநிலச் சுற்றுச்சூழல் சட்டம் கைகொடுத்தது. 1991-ல் ஒப்பந்தம்: செடிகொடிகள் வாடினால் அந்தப் பக்கத்துக் கிணற்றை நிறுத்த வேண்டும். எந்தச் செடி எவ்வளவு வாடியது என்று இரு தரப்பு விஞ்ஞானிகளும் வயலில் அளந்து இன்றும் தகராறு செய்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு நகராட்சி தன் எல்லைக்கு வெளியே வாங்கிய நிலத்துக்கு, வாங்கும்போது அது வரி கட்டிய நிலமாக இருந்தால், தொடர்ந்து வரி கட்ட வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா அரசியல் சாசனம். அந்த வரியை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லுமிடத்தில் இரண்டு கவுண்டிகளுக்கு மட்டும் பெயர் குறித்துத் தனிச் சூத்திரம் எழுதியிருக்கிறார்கள்: இன்யோ, மோனோ. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் இண்டிபெண்டன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வரிச்சீட்டு போகிறது.